ஒரே பையில் மூன்று மாத்திரை

எதைக் கண்டாலும் பையில் போட்டு ஒட்டாவிட்டால் தனபாலுக்குத் தூக்கம் வராது. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ் வேறு எப்படி இருப்பான்? ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்றையும் ஒரே பையில் அடைத்து ‘செட்’ போட்டே பாதி ஆயுளை ஓட்டியவன்.

அவன் மனைவி சுபஸ்ரீக்கு நாலாவது மாதம். தைராய்டு குறைவுக்கு ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று. மூன்று அட்டைகளும் அலமாரியில் தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்து அவனுக்குக் கை பரபரத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டிப் பையிலும் வகைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை போட்டு சீல் வைத்து, தேதி ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டான்.

“காலைல எந்திரிச்சதும் ஒரு பை. சோலி முடிஞ்சுது, அம்மிணி.”

“டாக்டரம்மா என்னமோ இடைவெளி உடோணும்னு சொன்னாப்புல இருந்துச்சுங்களே.”

“வெறும் வயித்துல போடோணும்னாங்க. அப்படித்தான போடற?”

அவ்வளவு அழகான பையைப் பார்த்த பிறகு அவளுக்கும் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை.

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறையக் குறைய ஏறும் டி.எஸ்.எச். அளவு எக்குத்தப்பாக எகிறியிருந்தது. “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்று டாக்டர் அமராவதி கேட்டார்.

தனபால் சட்டைப் பையிலிருந்து ஒரு சாம்பிளை எடுத்து, சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரிடம் காட்டுவதுபோல் ஸ்டிக்கர் தெரிய மேஜையில் வைத்தான்.

“யார் பண்ணினது?”

“நானேதானுங்க!”

“பேக்கிங் பிரமாதம். ஆனா இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரைய உடம்புல சரியா சேர விடாது. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும். குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு இது ரொம்ப முக்கியம்ங்க.”

தனபால் மேஜையிலிருந்த பையை வெடுக்கென்று திரும்ப எடுத்துக்கொண்டான். “புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?”

“ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு. டோஸ் கூட்டித் தர்றேன். அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

அன்றைக்கே அத்தனை பைகளையும் கத்தரித்துக் கொட்டினான். பேக் பண்ணியதைப் பிரிப்பது அவன் தொழிலில் பெரிய அவமானம். இப்போது அதெல்லாம் அவனுக்கு மயிராகத் தெரிந்தது. தினமும் காலையில் அவள் தைராய்டு மாத்திரையை விழுங்கியதும், காபியும் அதைச் சேர விடாது என்று, காபிச் சட்டிக்குக் குறுக்கே கையை விரித்து நிற்பான். ஒரு மணி நேரம் பூனைகூட அந்தப் பக்கம் போக முடியாது. மதியம் கம்பெனியிலிருந்து போன் போட்டு, “இரும்பு போட்டியா?” என்பான். பின்னாலிருந்து பேக்கிங் டேபிள் பெண்கள் அத்தனை பேரும், “போட்டீங்களா அக்கா?” என்று கூவுவார்கள். கால்சியம் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு. வெளியில் இவ்வளவு கூத்தடித்தவன் அந்த மாதம் முழுக்க உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தான்.

புது ரிப்போர்ட்டை டாக்டர் படித்து முடிக்கும்வரை அவன் நின்றபடியே எட்டி எட்டிப் பார்த்தான்.

“பாஸுங்களா?”

“பாஸ்தாங்க. அளவு சரியாயிருச்சு.”

தனபால் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதான். சுபஸ்ரீ பதறிப்போனாள். “ஏனுங்க, வெளிய ஆளுங்க பாக்கறாங்க!”

“ஒரு கண்டெய்னர் சரக்கு பூராத் திரும்பி வந்தப்பக்கூட நான் அழுவல, அம்மிணி.”

“அது பனியனுங்க. இது நம்ம புள்ள,” என்றவள், முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்கப்போய்த் தானும் அழ ஆரம்பித்தாள். டாக்டர் கதவைத் திறந்து, அடுத்த பேஷண்டைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார்.