ஹோஸ் பைப்புக்கு ஒரு ஜாடி

உடோன் செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனான். வெள்ளிக்கிழமை ஒரு எலி சாப்பிட்டான். திங்கள்கிழமை என் கையில் ஏறித் தோள் வரைக்கும் வந்தான். செவ்வாய் காலை பார்த்தால் பெட்டிக்குள் நேராக நீட்டிக் கிடந்தான். பாம்பு அப்படி நேராகப் படுக்காது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பதினோரு வருஷம். வெள்ளை வெளேரென்று நாலடிக்கு இருப்பான். தகமாட்சு ஊர்க்காரி நான், மூணு வேளையும் தின்கிற உடோன் நூடுல்ஸின் பேரையே வைத்துவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. கீழே என் சலவைக் கடை, மேலே ஒற்றை அறை. அதில் நானும் அவனும்.

மிருகம் வளர்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. முதல் வருஷம், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் கிதாஜிமா ஐயா, ஜன்னலோரம் வெயில் காய்ந்த உடோனைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"ஹோஸ் பைப்புங்க ஐயா."

உடோன் நாக்கை நீட்டினான். ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பால்கனியில தொங்கவிடாதே. பக்கத்து வீட்டுல பயந்துக்குவாங்க" என்றார். அதோடு சரி. அப்புறம் இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை.

செல்லப்பிராணிகளை எரிக்கிற இடத்துக்கு எடுத்துப் போனேன். எரித்ததும் எலும்பை நாம்தான் சாப்ஸ்டிக்கால் பொறுக்கி ஜாடியில் போட வேண்டும். காலில் ஆரம்பித்துத் தலையில் முடிக்க வேண்டும், போகிறவர் ஜாடிக்குள் தலைகீழாக நிற்கக் கூடாது பாருங்கள். காலே இல்லாதவனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டேன். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. அடுப்புக்காரன் நாய்க்கு வைக்கிற சூட்டை வைத்துவிட்டான். தட்டில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. பாம்பு எனக்கு இதுதான் முதல் தடவை" என்று இடுப்பு வரை குனிந்தான்.

"எனக்கும்தான்" என்றேன், கையில் சாப்ஸ்டிக்கோடு.

காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒரு எலும்பு, ஒரே ஒரு எலும்பு விட்டுவைத்திருக்கக் கூடாதா அந்தப் பாவி! காலி ஜாடிக்கு எப்படி ஊதுபத்தி ஏற்றுவது?

வீட்டுக்கு வந்ததும்தான் சட்டை ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு நாலு தடவை உரிப்பான். வெள்ளைப் பாம்பு உரித்த சட்டை பர்ஸில் இருந்தால் காசு தங்கும் என்று எங்கள் தெருவே நம்புகிறது. ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாக வெட்டி, சிவப்புக் காகிதத்தில் மடித்து, துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எனக்கென்று ஒரு துண்டு வைத்துக்கொள்ளவில்லை, அறிவு கெட்டவள். அவனே வீட்டில் இருக்கும்போது சட்டை எதற்கு என்று நினைத்தேன்.

போன புத்தாண்டுக்குக் கிதாஜிமா ஐயாவுக்கும் ஒன்று கொடுத்தேன். வீட்டுக்காரர் ஆயிற்றே என்று தலைத் துண்டு. கண் இரண்டும் கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கும்.

"கடையில வாங்கினதா?"

"ஆமாங்க ஐயா."

சரி, கொடுத்த துண்டுகளை வெட்கத்தை விட்டுத் திருப்பிக் கேட்டுவிடுவது என்று மறுநாள் மீன்கடைக்குப் போனேன்.

"தொகுரா அண்ணே, அந்தத் துண்டைத் திருப்பித் தர்றீங்களா? ஜாடி காலியா இருக்கு."

"ஐயையோ! அது வந்தப்புறம்தான் என் மாமியார் மூட்டை கட்டிக்கிட்டு மகன் வீட்டுக்குப் போனாங்க. திரும்பி வந்துட்டா நீயா பார்த்துக்குவே?"

"பாதி குடுங்க, போதும்."

யோசித்தார். மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் பாதியாக வெட்டிக் கொடுத்தார். "இனிமே வந்தாலும் ரெண்டு நாள்ல கிளம்பிடுவாங்க" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முடி வெட்டுகிற சிகுசா, "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே இல்லடி" என்று சொல்லிக்கொண்டே பர்ஸின் உள்ளறைக்குள் இருந்த இன்னொரு உள்ளறையிலிருந்து எடுத்து, முழுசாகவே கொடுத்தாள்.

"மிசாவோ, அழணும்னா அழுதுடு. கடையில யாரும் இல்ல."

"பசிக்குது" என்றேன். அழுகை வரவில்லைதான்.

சனிக்கிழமைக்குள் பதினேழு துண்டு சேர்ந்தது. இஸ்திரி மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வால் போன வருஷத்தது. வயிறு அவன் குட்டியாக இருந்தபோது உரித்தது, அதனால் கழுத்தைவிட வயிறு ஒல்லி. எப்படியோ, பாம்பு என்று சொல்லலாம். தலை மட்டும் இல்லை. அதைப் போய் ஐயாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் பதினோரு வருஷப் பொய்யை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் மூன்றாவது வரியைப் பார்க்காமல் இருக்க அவராலும் முடியாது.

அப்போது பார்த்துச் சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க அவரே வந்து நின்றார். மேஜையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார்.

"ஹோஸ் பைப்பு போயிடுச்சா?"

"ஆமாங்க ஐயா. திடீர்னு."

அவ்வளவுதான், அதுவரை வராத பாழாய்ப்போன அழுகை அப்போது வந்தது. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டை மேலேயே மூக்கைச் சிந்தினேன். ஐயா பர்ஸைத் திறந்து சிவப்புக் காகிதத்தைப் பிரித்து, தலையை அதன் இடத்தில் வைத்தார். என் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் இருந்த, குச்சிகள் ஒட்டியே வரும் இரண்டு ஜோடி சாப்ஸ்டிக்கில் ஒன்றைப் பிளந்து என்னிடம் நீட்டினார். இன்னொன்றை அவர் பிளந்துகொண்டார்.

ஒரே துண்டை இரண்டு பேர் சாப்ஸ்டிக்கால் பிடிப்பது செத்தவர்களின் எலும்பைப் பொறுக்கும்போது மட்டும்தான். சாப்பாட்டு மேஜையில் அப்படிச் செய்தால் எங்கள் வீட்டில் கையில் அடி விழும். சொந்தக்காரர்கள்தான் பிடிப்பார்கள்.

"வால்லேருந்துதானே?" என்றார்.

"ஆமாங்க. கால் இல்லையே."

இரண்டு பேரும் பிடித்துத் தூக்கி ஒவ்வொன்றாகப் போட்டோம். மீன் வாசனை அடித்த துண்டைக்கூட அவர் முகம் சுளிக்காமல் பிடித்தார். கடைசியாகத் தலை போனது. நான் மூடியை வைத்தேன். ஐயா கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, ஜாடியைப் பார்த்து ஒருமுறை குனிந்தார்.

"நல்ல பைப்பும்மா. பதினோரு வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகல" என்றார்.