இரண்டு தட்டு

ஊக்கின் முனை இடது மோதிர விரலில் நன்றாகவே இறங்கியது. ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. வலி மட்டும் வரவில்லை.

ரஸ் கோவாச் கேரவன் கதவைத் தாழ்போட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் நாலு இடத்தில் குத்திப் பார்த்தான். நேற்று முழங்கைக்குக் கீழே ஓர் இடத்திலாவது எறும்பு கடித்த மாதிரி இருந்தது. இன்றைக்கு அதுவும் போயிற்று. கை வேலையென்னவோ செய்தது. மடக்கினால் மடங்கியது, பிடித்தால் இரும்புப் பிடி. எதைப் பிடிக்கிறோம், எவ்வளவு பிடிக்கிறோம் என்பதுதான் கைக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் முன்னால் இன்ஷூரன்ஸ் டாக்டர், "கண்ணை மூடிக்குங்க, தொடும்போது சொல்லுங்க" என்றபோது இமையை ஒரு கீற்று திறந்து வைத்துக்கொண்டு, "ம்... ம்... இங்க" என்று சரியாகச் சொன்னான். நாற்பது வருட சினிமாவில் அவன் செய்த ஆகச் சிறந்த நடிப்பு அதுதான். கைதட்டத்தான் ஆளில்லை.

யங்ஸ்டவுனில் இரும்பாலை மூடியபோது அவனுக்குப் பதினாலு வயது. வேலை போன அப்பா வீட்டில் அவனை அடித்தார். அவன் தெருவில் கிடைத்தவனை அடித்தான். பிறகு குத்துச்சண்டை. இருபத்திரண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பஸ். முதல் படத்தில் அவன் முகமே வராது, மாடிப்படியில் பதினோரு தடவை உருண்டான், அவ்வளவுதான். முப்பத்தொன்றில் போஸ்டரில் அவன் பெயர் படத்தின் பெயரைவிடப் பெரிதாக வந்தது. அதன்பின் கழுத்தை முறித்தான், ஹெலிகாப்டரிலிருந்து ஆள் ஆளாகத் தள்ளினான், இறைச்சிக் கொக்கியில் மாட்டினான். இதுவரை திரையில் இருநூற்றுப் பதினாலு பேரைக் கொன்றிருப்பதாக ரசிகன் ஒருவன் பட்டியல் போட்டிருந்தான். பதிலுக்குப் போனவை மூன்று தடவை மூக்கு, ஒரு தோள் எலும்பு, கழுத்தெலும்பில் இரண்டு சில்லு. அந்தச் சில்லுகள்தான் இப்போது நரம்பைக் கடிக்கின்றன. வயது அறுபத்தொன்று. தியேட்டர்கள் அவனை மறந்து ஏழு வருடம். போனில் பார்க்கிற படங்களுக்குத்தான் இப்போது கூப்பிடுகிறார்கள். கை மரத்தது தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் இல்லாதவனைக் காபி வாங்கிவரக்கூட செட்டுக்குள் விடமாட்டார்கள்.

கதவை யாரோ உதைத்தார்கள்.

"டேய் கிழட்டு மாடே, செத்துட்டியா?"

எம்மெட் ப்ரூயிட். ஒன்பது படத்தில் கோவாச் கையால் செத்தவன், ஒவ்வொன்றிலும் வேறு தாடியோடு. இரண்டு கையிலும் பச்சை மிளகாய் வழியும் புர்ரிட்டோ, மெக்சிகோ ரொட்டிச் சுருள்.

கோவாச் ஊக்கைச் சட்டையின் உள்மடிப்பில் குத்திக்கொண்டு கதவைத் திறந்தான். "உன்னைக் கொல்லாம எப்படிடா போவேன்?"

"இன்னைக்குப் பத்தாவது தடவை. என் பொண்டாட்டி ஜோலீன் கேக் பண்றாளாம். மேல என்ன எழுதட்டும்னு கேட்டா. 'இந்தத் தடவையாவது திரும்பி வராதே'ன்னு எழுதச் சொன்னேன்."

"கடைசி உதை உண்டா?"

"அது இல்லாம நான் செத்ததே இல்லையேடா!"

அது எம்மெட்டின் முத்திரை. உயிர் போய், உடம்பு தளர்ந்து, மூன்று எண்ணுவதற்குள் வலது பூட்ஸ் ஒரே ஒரு தடவை காற்றை உதைக்கும். ஒன்பது இயக்குனர்கள் வேண்டாம் என்று கத்தியிருக்கிறார்கள். ஒன்பது பேரும் கடைசியில் படத்தில் வைத்தார்கள்.

அல்புகர்க்கி நகருக்கு வெளியே, பழைய டயர் கிடங்குக்குள் போட்டிருந்த சமையலறை செட். இயக்குனர் ஷேனுக்கு இருபத்தொன்பது வயது. தாவிக்கொண்டே பேசினான்.

"எம்மெட், சும்மா சாகாதீங்க. கழுத்து மாட்டினதும் அடிங்க, பிறாண்டுங்க, தரையைத் தட்டுங்க. தண்ணியில முழுகுறவன் மாதிரி இருக்கணும்."

"தட்டினா விடணும்ங்கறதுதான் தம்பி எங்க வேதம். எல்லாத்தையும் தட்டினா எது நிஜம்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டண்ட் மாஸ்டர் மார்லா குறுக்கே வந்தாள். "தோள், முகம், தரை எல்லாம் நடிப்பு. ரஸ்ஸோட இடது கை, மணிக்கட்டுக்குப் பக்கத்துல விரல் நுனியால ரெண்டு தட்டு. அது ஒண்ணுதான் நிஜம். ரஸ், புரிஞ்சுதா?"

கோவாச் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "தொடையில தட்டட்டுமே."

"கேமரா அங்கதான் வருது. ஏன், கைக்கு என்ன?"

மார்லாவுக்குப் பின்னால், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த இன்ஷூரன்ஸ்காரி டெனீஸ் தலையைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

எம்மெட் மட்டும் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு தாடியைச் சரிசெய்துகொண்டான்.

ஆக்‌ஷன்!

எம்மெட் இரும்புச் சட்டியை வீசினான். கோவாச் குனிந்து, விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று விட்டான். டம்மி பாட்டில் மண்டையில் சிதறியது. நாற்காலி முதுகில் முறிந்தது. எம்மெட்டின் முகத்தை மேஜை விளிம்பில் மோதி, மறுபடி மோதி, வாயில் ஒளித்திருந்த ரத்தப் பை உடைந்து வெள்ளைச் சுவரெல்லாம் தெறிக்க, இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது கையைத் தொண்டைக்குக் குறுக்கே போட்டு இறுக்கினான் கோவாச்.

எவ்வளவு இறுக்கினான்? கையைக் கேட்டால் தெரியாது. நாற்பது வருட ஞாபகத்தைக் கேட்டுத்தான் இறுக்கினான். எம்மெட்டின் பின்மண்டை முகத்தை மறைத்தது. வேர்வை, தாடிப் பசை, மிளகாய் வாசனை. எம்மெட் தோளில் அடித்தான், கன்னத்தைப் பிறாண்டினான், தரையை அறைந்தான். குதிகால்கள் உடைந்த கண்ணாடியை வாரி இறைத்தன. ஒன்பது சாவிலும் இவ்வளவு நன்றாகச் செத்ததில்லை பயல் என்று நினைத்தான். கேமரா ஊர்ந்து நெருங்கியது. எம்மெட்டின் கை மெல்ல மெல்ல ஓய்ந்தது.

உடம்பு தளர்ந்தது. கோவாச் எதிரே நீட்டிக் கிடந்த பூட்ஸைப் பார்த்தான். இனி உதை.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

பூட்ஸ் அசையவில்லை.

கையை உதறி எடுத்தான். எம்மெட்டின் தலை அரிசி மூட்டை மாதிரி மார்பில் சரிந்தது. உதடு நீலம். ஜீன்ஸின் முன்பக்கம் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"பிரமாதம்! யாரும் அசையாதீங்க!" என்றான் ஷேன்.

"டாக்டர்!" கோவாச் கத்திய கத்தலில் விளக்குக்காரன் ஏணியிலிருந்து குதித்தான். "டாக்டரைக் கூப்பிடுங்கடா!"

மூச்சு திரும்ப ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று கோவாச்சுக்கு அதுவரை தெரியாது. எம்மெட் இருமினான். இந்தத் தடவை வந்தது நிஜ ரத்தம். கழுத்துக்குப் பட்டை கட்டி ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கண் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

மார்லா மானிட்டரில் ஓடவிட்டாள். அறை, பிறாண்டல், அறை. கோவாச்சின் கை மேல் எம்மெட்டின் விரல்கள் ஒரு நொடி வந்து போயின. தட்டா, பிறாண்டலா? மங்கலாக இருந்தது.

"அவர்தான் சொதப்பிட்டார்," என்றான் ஷேன். "சிக்னலைத் தப்பாக் கொடுத்திருக்கார். வயசாச்சு இல்ல?"

டெனீஸின் விரல் டேப்லெட் மேல் நின்றது. "அப்ப ப்ரூயிட்டோட கவனக்குறைவுன்னு போட்டுடலாமா?"

அப்படிப் போட்டால் எம்மெட்டை இனி எந்த செட்டும் சேர்க்காது. சிக்னல் தவறவிட்டவனோடு யார் தரையில் புரளுவான்?

"இரு." மார்லா திரும்பினாள். "ரஸ், அவன் தட்டினானா இல்லையா? உன் கைக்குத்தான் தெரியும்."

எல்லோரும் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து எம்மெட்டும் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது.

'இல்லை' என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவனுக்கு இன்னும் இரண்டு படம் கிடைக்கும்.

கோவாச் சட்டை மடிப்பிலிருந்து ஊக்கை உருவினான். டெனீஸ் எதிரே போய் இடது கையை மேஜையில் மல்லாக்கப் போட்டான். மணிக்கட்டுக்குப் பக்கத்தில், மார்லா சொன்ன அதே இடத்தில் ஊக்கை வைத்து, தலை தொடும் வரை அழுத்தினான். அவன் கண் டெனீஸின் முகத்தைவிட்டு அசையவில்லை. அவள்தான், "அய்யோ!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

ரத்தம் மெல்ல வழிந்து மேஜையில் சொட்டியது.

"டாக்டர் பார்த்தப்பவே தெரியும்," என்றான் கோவாச்.

மார்லா மானிட்டரை அணைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். கிடங்கின் பெரிய கதவு வழியாகப் பாலைவன வெயில் கண்ணைக் குத்தியது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது பூட்ஸ் அந்த வெளிச்சத்தில், ஒரே ஒரு தடவை, காற்றை உதைத்தது.