என் பெயரில் போன மாதிரி

என் பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியை மருமகள் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தாள். அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"சின்ன மாமாவுக்கு இருபது வருஷமா குடல்ல புண்ணு. வெளிய சொல்லாமயே இருந்திருக்காரு. அப்படி வீங்கியே கிடந்தா உள்சுவரு நைஞ்சுடும் மாமா. உள்ள இருக்கிற கோடிக்கணக்கான கிருமில சிலது அதுல ஒட்டிக்கும். அதுங்க விடுற நஞ்சு நல்ல செல்லையும் கெடுத்துடலாம். கூடப் பிறந்தவங்க நீங்களும் மலத்தைச் சோதிச்சுக்கணும்."

"எங்க குடும்பத்துல கிருமியெல்லாம் கிடையாதும்மா."

"அப்ப இத்தனை வருஷம் சோறு எப்படிச் செரிச்சுது?"

சிரித்தாள். எங்கள் ரத்தத்தில் குறை எழுதிக் காட்ட இவளுக்கு என்ன அவசரம்? பேரன் நோஞ்சானாக இருப்பதற்கு எங்கள் பக்கத்தைக் கைகாட்டவா? எனக்கும் வயிறு சரியில்லாமல் வருடக்கணக்காகிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் சோதனைக்குத் தண்ணீர் மாதிரிகள் எடுத்தவன் நான். கெட்ட கிணற்றின் பெயரில் பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுப்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். மறுநாள் காலை அந்தக் குப்பியை மனைவியிடம் நீட்டினேன்.

"நீ குடு. உனக்குத்தான் கல்லும் செரிக்குமே."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நல்லா இருக்கு உங்க கௌரவம்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்து மருமகள் சிரிக்காமல் வந்தாள். "மாமா, ரத்தம் கலந்திருக்கு. புற்றுநோய்தான்னு அர்த்தமில்ல. ஆனா குழாய் விட்டுப் பாத்தே ஆகணும். நாளைக்கே நேரம் வாங்கிட்டேன்."

மனைவியைப் பார்த்தேன். அவள் திடுக்கிடவில்லை. இவளுக்கு முன்பே தெரியும். எத்தனை நாளாக? பாதித் தட்டைக் கொட்டிவிட்டு வெயில் ஒத்துக்கவில்லை என்றாளே, அப்போதிருந்தா? ஏன் சொல்லவில்லை? சொல்ல வந்தவளை நிறுத்தியது யார்?

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். "பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இருக்காது."

மருமகள் படிவத்தை நீட்டினாள். "கையெழுத்து போடுங்க மாமா."

"பேரு தப்பும்மா." படிவத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன். "அது உன் அத்தையோடது. எனக்கு வேற குப்பி குடு."

மனைவி நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். முதல் தடவையாக எங்கள் கண்ணெதிரே, இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.