மாரி வீட்டு முறை

கந்தம்மாள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தாள். அவள் புருஷன் மாரியின் அண்ணன் தங்கமுத்து வாசலை மறித்து நின்றான்.

"பொம்பள போயிக் குழி வெட்டறது எந்த ஊருல நடக்குது? அதக் குடு இப்பிடி. நான் போயி வெட்டிக் குடுத்துட்டு வாரேன்."

"நீங்க வெட்டுனா ஒத்துக்க மாட்டாங்க மாமா. இந்த வருசம் மாரி ஊட்டு முறை, ஆம்பள இல்லீன்னா அவளே வரட்டும்னு சின்னப் பண்ணாடி சொல்லி உட்டிருக்காரு. நீங்கதான வந்து சொன்னீங்க?"

"சொன்னேன். கேட்டதும் நீ அழுவீன்னு நெனச்சேன். கடப்பாரையத் தூக்குவீன்னு நெனைக்கல."

"அழுது முடிச்சாச்சுங்க மாமா. நகருங்க."

தங்கமுத்து நகர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊஞ்சப்பாளையத்தில் அன்று விடியற்காலையில் நிலக்காரக் குடும்பத்துப் பெரிய பண்ணாடி செத்துப்போயிருந்தார். ஊருக்குள் யார் செத்தாலும் இழவு சொல்லப் போவதும் குழி வெட்டுவதும் காலனி வேலை. மொத்தம் பன்னிரண்டு வீடு, வருஷத்துக்கு ஒரு வீடு முறை. காலனிக்காரன் கை பட்டால் தீட்டு என்று தண்ணீரைத் தூக்கி ஊற்றுகிற ஊர், செத்த பிறகு அந்தக் கையைத்தான் தேடும். ஊரில் செல்போன் கோபுரம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் வந்துவிட்டான். இந்த முறை மட்டும் குத்துக்கல்லாக அப்படியே இருந்தது. மாரி செத்து எட்டு மாதமாகியும் அவன் பங்கு மட்டும் சாகவில்லை.

அவன் செத்த கதைக்குக் குண்டுக்காட்டிலிருந்து வர வேண்டும். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, ஆடு மேய்ந்துகொண்டிருந்த பொட்டல் காட்டை அந்தக் காலத்தில் பட்டாளம் வேலி போட்டு எடுத்துக்கொண்டது. முப்பது வருஷம் அங்கே குண்டு வெடித்துப் பார்த்தார்கள். பிறகு பட்டாளம் போய்விட்டது. வெடித்ததன் கசடும் வெடிக்காமல் போனதன் மருந்தும் மண்ணுக்குள் கிடந்தன. அதையெல்லாம் தோண்டி நீல டிரம்மில் அடைத்து, சிமெண்ட் பூசிய பள்ளத்தில் புதைக்க ஒரு கம்பெனி வந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்டு பெரிய பண்ணாடியின் மகன் தீர்த்தகிரிக்குக் கிடைத்தது. அவர் நேராகக் காலனிக்குத்தான் வந்தார்.

"குழி வெட்டறது உங்களுக்குப் பழக்கந்தானடா மாரி? அதே வேலதான். பொணத்துக்குப் பதுலா டிரம்மு."

கம்பெனி கொடுத்த கையுறையும் முகமூடியும் தீர்த்தகிரியின் குடோனில் கட்டுப் பிரிக்காமல் இருந்தன, அதிகாரிகள் வரும் நாளுக்காக. டிரம்மில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறதே, உள்ளே என்ன என்று மாரி ஒருநாள் கேட்டான். "அது கம்பெனி மார்க்குடா. உள்ள இருக்கறது சாயத்தண்ணி" என்றார் தீர்த்தகிரி. பெரிய இடத்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாரி நம்பினான். அந்த நம்பிக்கையை நினைத்தால் கந்தம்மாளுக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

ஆறாவது மாதம் அவன் உள்ளங்கை மஞ்சளானது. மஞ்சள் கிழங்கு வேகவைக்கிற இடத்தில் வேலை செய்தவன் கைபோல இருந்தது. சோப்புக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. அடுத்து கண் மஞ்சளானது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஈரல் போய்விட்டது என்றார்கள். குடிப்பானா என்று டாக்டர் கேட்டார். கந்தம்மாள் இல்லை என்று சொல்வதற்குள், கூட வந்திருந்த தீர்த்தகிரியின் மேஸ்திரி முந்திக்கொண்டு, "மொடாக் குடிங்க" என்றான். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

மாரி கள்ளைக்கூடத் தொட்டதில்லை. நோம்பி நாளில் மற்ற ஆண்கள் போதையில் உருளும்போது அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போடுகிற ஆள் அவன். அவன் செத்த பிறகு, குண்டுக்காட்டில் வேலை செய்தான் என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டுத் தீர்த்தகிரி வீட்டு வாசலுக்குப் போனாள் கந்தம்மாள். உள்ளே விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். "குடிச்சுச் செத்தவனுக்கு நான் கடுதாசி குடுக்கோணுமா?" என்று அவர் கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் குடி என்று இருக்கிறதே அம்மா என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றை முடிவு செய்தாள். அந்தச் சொல்லைச் சொன்ன வாயாலேயே, அதேபோல நாலு பேர் முன்னால், திரும்ப வாங்க வைக்க வேண்டும்.

மனுக் கொடுத்ததில் தீர்த்தகிரிக்கும் ஆத்திரம்தான். அதனால்தான் இன்று அவளையே குழி வெட்ட வரச் சொன்னார்.

அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கம்பெனிப் பள்ளம் நிரம்பியபோது, மிச்சமிருந்த டிரம்களை வேறு மாவட்டத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அனுப்பியதாகக் கணக்குக் காட்டிவிட்டு, பதினாலு டிரம்மைத் தன் குடும்பத்தின் சமாதிக் காட்டில் மாரியை மட்டும் வைத்துப் புதைக்க ஏற்பாடு செய்தார் தீர்த்தகிரி. எந்த அதிகாரி வந்து சமாதியைத் தோண்டப் போகிறான்? ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின வாரம் அது. நாற்றம் தாங்காமல் அவர் ரோட்டிலேயே காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மேக்கால வேலியோரமாப் பொதைச்சிரு" என்று போனில் சொன்னார். மேற்கே இரண்டடியில் பாறை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்று மாரி மண் இளகலாக இருந்த இடமாகப் பார்த்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதைத்தான். முதல் டிரம் தீர்த்தகிரியின் தாயார் சமாதிக்கு வலப்பக்கம் இறங்கியது. இதை ஆஸ்பத்திரியில் மாரி அவளிடம் சொன்னான். மற்றவை எங்கே என்று சொல்வதற்குள் நினைவு தப்பிவிட்டது.

பெண்சாதிக்கு வலப்பக்கம்தான் புருஷனை வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

சமாதிக் காட்டில் நல்ல கூட்டம். ஈரோட்டிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் சம்பந்திகள் வந்திருந்தார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்துகூட இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பாடையை வேப்பமர நிழலில் இறக்கியிருந்தார்கள். குழி தயாரான பிறகுதான் மற்ற சாங்கியம். கடப்பாரையோடு ஒரு பெண் வருவதைப் பார்த்து ஈரோட்டு மாமா முகம் சுளித்தார்.

"ஏனுங்க மாப்ள, இதென்ன கூத்து? ரெண்டு நிமிசத்துல ஜேசிபி வெட்டிருமே."

"ஆமாங்கப்பா, நம்ம போர் போடற ரிக் ஆபீசுல சொன்னா இப்பவே அனுப்புவாங்க" என்றான் தீர்த்தகிரியின் ஒரே மகன் இனியன். துபாயில் வேலை. தாத்தாவுக்கு முடியவில்லை என்று முந்தாநாள்தான் வந்திருந்தான்.

"அதெல்லாம் வேண்டாம்!" தீர்த்தகிரியின் குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது. ஜேசிபிக்காரன் வேலியோரம் திரும்புகிறேன் என்று மேற்கே தோண்டி வைத்தால் என்ன ஆகும் என்பது அவர் கவலை. "நம்ம குடும்பத்துல முறைக்காரன் வெட்டுன குழியிலதான் எறக்கோணும். எவ வெட்டுனா என்ன, முறை முறைதான்." பிறகு கந்தம்மாளைப் பார்த்து, "கலெக்டர் ஆபீசுக்கு நடக்கறதுக்குக் காலு இருந்துச்சல்ல? இதுக்கும் கையி இருக்கட்டும்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"எங்கீங்க வெட்டோணும்?" என்று கேட்டாள் கந்தம்மாள்.

"இதுகூடத் தெரியாதா? எங்கம்மாவுக்கு வலப்பக்கம்."

"நீங்களே ஒருக்கா கையக் காட்டிருங்க பண்ணாடி. நாளைக்கு நானா வெட்டுனேன்னு பேச்சு வரக்கூடாது."

அவர் எரிச்சலோடு குடையை நீட்டி இடத்தைக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்கினாள். பெரிய பண்ணாடிமேல் அவளுக்குக் கோபமில்லை. அவரைக் காத்திருக்க வைக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. மாரி காத்திருந்த நாட்களை நினைத்ததும் அது போய்விட்டது. இடுப்பளவு இறங்கியபோது மண்ணிலிருந்து அந்த நாற்றம் வந்தது. மாரியின் சட்டையில் வந்த அதே நாற்றம். கடப்பாரையை வைத்துவிட்டு மண்வெட்டியால் பதனமாகச் சுரண்டினாள். நீல மூடி தெரிந்தது.

"பண்ணாடி, என்னமோ தட்டுதுங்க."

"கல்லா இருக்கும். எடுத்துப் போட்டுட்டு வெட்டு. பொழுது போகுதல்ல?"

"கல்லில்லீங்க. டிரம்மு."

தீர்த்தகிரியின் கையிலிருந்த குடை சாய்ந்தது. ஆனால் அதற்குள் இனியன் குழி ஓரத்துக்கு வந்துவிட்டான். "பழைய தண்ணி டிரம்மாட்ட இருக்குதுங்கப்பா. நானே தூக்கிப் போட்டர்றேன்" என்று வெறுங்காலோடு குழிக்குள் குதித்தான். குனிந்து மூடியின் இரும்பு வளையத்தைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"இனியா! தொடாத! கைய எடுறா! வெசம்டா அது, ஈரலு வெந்துரும்!"

காடே கேட்கும்படி அலறியிருந்தார் தீர்த்தகிரி. காலனி ஆட்கள் அடித்துக்கொண்டிருந்த பறைகூட நின்றுவிட்டது. இனியன் நீட்டிய கையோடு அப்படியே நின்றான். நாற்காலியிலிருந்த இருவரும் எழுந்துவிட்டார்கள்.

கந்தம்மாள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"வெசமுங்களா? சாயத்தண்ணீன்னு சொன்னீங்களே?"

தீர்த்தகிரி குனிந்து இனியனின் கையைப் பிடித்து மேலே இழுத்தார்.

"என்ற ஊட்டுக்காரரு இதே கையில இதத் தூக்குனாருங்க. ஒரு தடவ, இந்த மாதர ஒரே ஒரு தடவ, தொடாதடான்னு கத்தியிருந்தா உசுரோட இருந்திருப்பாருங்க. பெத்த புள்ளைக்கு வந்த சத்தம் அவருக்கு வல்லீங்களே."

"மேல வா நீ மொதல்ல" என்றார் தீர்த்தகிரி.

"வாரேனுங்க. மாரி எதுல செத்தாருன்னு சொல்லுங்க, வாரேன். அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன். உங்கப்பாருதான் வெயில்ல கெடப்பாரு."

நிழல் நகர்ந்து பாடையின் கால்மாட்டில் வெயில் விழுந்திருந்தது. சம்பந்திகள் ஒருவரும் தீர்த்தகிரிக்காகப் பேச வரவில்லை. குழியிலிருந்து மேலே ஏறிய இனியன், காலில் ஒட்டிய மண்ணைப் புல்லில் திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"சொல்லுங்கப்பா. எனக்கும் தெரியோணும்."

"குடிச்சுச் சாகல" என்றார் தீர்த்தகிரி, தரையைப் பார்த்து.

"கேக்கலீங்க" என்றாள் கந்தம்மாள்.

"மாரி குடிக்கமாட்டான்! இந்த டிரம்மாலதான் செத்தான்! போதுமா?"

தாசில்தார் ஆபீஸ்காரர்களில் ஒருவர் செல்போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். தங்கமுத்து குழி ஓரத்துக்கு வந்து கையைக் கொடுத்தான். அதைப் பிடித்துக் கந்தம்மாள் மேலே ஏறினாள். அவனோடு வந்திருந்த காலனி ஆட்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாரானார்கள்.

ஈரோட்டு மாமா முதல்முறையாக அவளிடம் மரியாதையாகப் பேசினார். "ஏம்மா, பெரியவரை இப்படியே போட்டுட்டுப் போனா எப்படி? வேற எடத்துலயாவது வெட்டிக் குடுத்துட்டுப் போம்மா, சாமி."

கந்தம்மாள் அந்தக் காட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"மொத்தம் பதினாலு டிரம்முங்க. இன்னம் பதிமூணு இந்தக் காட்டுலதான் இருக்குது. எந்த எடத்துல இல்லீன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தருதானுங்க. அவரு செத்துப்போயிட்டாரு."

கூட்டம் தன் காலடியைப் பார்த்தது. ஒவ்வொருவராக, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, ரோட்டுக்கு நகரத் தொடங்கினார்கள். கந்தம்மாளும் காலனி ஆட்களும் போன பிறகு, மண்வெட்டியை எடுக்க அங்கே யாரும் முன்வரவில்லை. பெரிய பண்ணாடி தன் சொந்தக் காட்டில், இடமில்லாமல் படுத்திருந்தார்.