சட்டையோடு இறங்கியவள்

வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் வெள்ளிக்கிழமை ஒரு பட்டியல் வந்தது. ஞாயிறு காலை நூலகத்தின் மேல்மாடியில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். புத்தகத்தை இரவல் வாங்குவதுபோல அவர்களை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் பேசலாம். எதையும் கேட்கலாம்; பதில் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம்; வாதாடக் கூடாது. ஏற்பாடு ஜெபஷீலாவுடையது. கம்பம் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பொன்னுராஜின் மகள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். யாரைப் பற்றி ஊரே பேசிக்கொண்டு, அவர்களிடம் மட்டும் பேசாமல் இருக்கிறதோ, அவர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

மூன்றாவது பெயர் முனீஸ்வரி. பக்கத்தில், 'ஏலத்தோட்ட வேலை, முப்பத்திரண்டு வருடமாக ஜீப்பில்' என்று இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் மகன் ராஜபாண்டி கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணின் தாய் அவள்.

எங்கள் பக்கத்தில் 'ஜீப்புக்குப் போறவ' என்று ஒருத்தியைச் சொன்னால் அதில் வேலை மட்டும் இருக்காது. விடியும் முன்னே ஒரு ஜீப்பில் பதினைந்து இருபது பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரம் திரும்புவார்கள். எத்தனையோ வீடுகளில் அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் பெண் எடுக்கும்போது அந்த வீடுகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். மலையில் என்ன நடக்கிறதோ, யார் கண்டது என்பார்கள். என் மனைவி முருகம்மாளும் அதைத்தான் சொன்னாள். சுபாஸ்ரீ பி.எட். முடித்த பெண், ஒரு நாளும் ஜீப்பில் ஏறாதவள் என்று ராஜபாண்டி எடுத்துச் சொன்னான்.

"அவ ஏறல. அவ ஆத்தா ஏறுனாள்ல" என்று முடித்துவிட்டாள் முருகம்மாள்.

சுபாஸ்ரீயைப் பார்க்க, நூலகக் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு சுருளிப்பட்டியிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். ராஜபாண்டி என்னிடம் கடைசியாக ஒரு முறை கேட்டான். "அம்மா வேணாங்கிறாக. அது ஒரு பதிலு. நீங்க வாயே தொறக்க மாட்டேங்கிறீகளேப்பா." அப்போதும் நான் சன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. முனீஸ்வரியை ஒரு காலத்தில் எனக்குக் கேட்டார்கள். அதை வேண்டாம் என்றவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எழுத்தர் வேலை கிடைத்த புதிது. அலுவலகம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். ஐந்தரை மணிக்கு ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். பெண்கள் இறங்கும்போது ஏலக்காய் மணம் சாலையைக் கடந்து வந்து, டீ ஆற்றும் ஆவியோடு கலந்துகொள்ளும். இன்றைக்கும் பாயசத்தில் அந்த மணம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இனிப்பு அல்ல. மேற்கே மலை நீலம் கறுத்துவரும் அந்த நேரம்தான்.

அட்டைக்கும் பனிக்கும் பயந்து, தோட்டத்தில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். அடிவாரம் வந்ததும் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். சட்டையோடு ஊருக்குள் இறங்குவதில்லை. அது யாரும் எழுதி வைக்காத கட்டுப்பாடு.

முனீஸ்வரி இறங்கியதும் என் கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் என்னை. ஒரு நாள் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டே, "இன்னும் அதே புஸ்தகமா?" என்று கேட்டாள். முந்நூறு பக்கம் என்றேன். "நாங்க ஒரு நாள்ல அத்தன செடியப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் நாலு மாதம் வாழ்ந்தேன். பிறகு துணிந்து அம்மாவிடம் சொன்னேன். ஜீப்புக்குப் போகிற பெண்ணா என்று முகம் சுளித்தாலும், கடைசியில் ஆள்விட்டுக் கேட்டாள். அவர்கள் வீட்டிலும் சம்மதம்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், தூறலில், ஜீப் வந்து நின்றது. டிரைவர் முத்துக்கருப்பன் பனியனோடு இறங்கினான். அவன் எப்போதும் போடும் சிவப்புக் கோடு போட்ட சட்டை முனீஸ்வரியின் மேல் இருந்தது. அன்றைக்கு அவள் என் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்ததை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். சொன்னது நான்கு வாக்கியம்; கடைசி வாக்கியம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது. ஒரு வாரத்தில் அது கம்பம் முழுக்க வேறு கதையாக ஆகிவிட்டது. முத்துக்கருப்பன் அந்த ஜீப்பையே விட்டுப் போனான். முனீஸ்வரிக்கு அதன் பிறகு ஐந்து வருடம் கழித்து, மனைவியை இழந்த ஒருவரோடு கல்யாணமானது.

நூலக மாடியில் அவள் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. விரல் நுனிகள் ஏலச்சாற்றில் கறுத்திருந்தன. என்னைக் கண்டதும் எழவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"உக்காருங்க. எம் மகதான் வரச் சொன்னா. கேக்குறவுக கேக்கட்டும்னா" என்றாள்.

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு முத்துக்கருப்பனின் சட்டையை ஏன் போட்டிருந்தாய் என்று கேட்டேன். முன்பு அவளை 'நீ' என்று சொன்னதில்லை. அந்தக் கேள்வியில் அப்படி வந்துவிட்டது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். அன்றைக்குத் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், பாவாடை தாவணியில், பதினாறு வயது. திரும்பி வரும்போது ஜீப்பில் அவளுக்குத் தீட்டாகிவிட்டது. பாவாடை முழுக்கக் கறை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஆண்களுக்கு நடுவே எப்படி இறங்குவது என்று அழுதாள். முனீஸ்வரி தன் சட்டையை அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். வெளி ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் சாரலில் இவளுடைய சேலை நனைந்து உடம்போடு ஒட்டிப்போனது. முத்துக்கருப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினான். 'போட்டுக்க தங்கச்சி' என்று சட்டையைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டா?" என்றாள். "கேட்டிருந்தாலும், ஒரு பிள்ளைக்கு ஆனத பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்ல முடியுமா? அவ இப்பச் சின்னமனூருல பேத்தி எடுத்துட்டா. எங்கனயாச்சும் கண்டா கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. இங்கன வந்து இதச் சொல்லலாமான்னு அவகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

வாசகன் தன் கதையைச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. நான் சொன்னேன். டீக்கடையில் இருந்து பார்த்தது, வீட்டில் போய்ச் சொன்னது, அந்த நான்கு வாக்கியத்தையும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆத்தா கெளப்பி விட்டதுன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. "அவுக செத்தப்ப ஊரே வந்துச்சு. நான் எழவுக்கு வரல. அந்தக் கோவத்துல வரல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? எம் மகள வேணாங்கிறது உங்க வீட்ல. அங்கன உக்காந்து சொல்லுங்க. கூட்டாம, கொறைக்காம."

ஜெபஷீலா வந்து நேரம் முடிந்தது என்றாள். எனக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் காத்திருந்தார்கள்.

வீட்டில் முருகம்மாள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்ததும் மேலுக்குச் சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். முப்பத்தொரு வருடம் முந்தி என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காதவரை சொல்வது எளிதாக இருந்தது. பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவளக் கட்டிக்கிறணும்னு நெனச்சீகளா?"

"ஆமா."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லல."

மீதியைச் சொன்னேன். டிரைவரைப் பற்றிச் சொன்னபோது கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். முடிந்த பிறகும் குழாயடியிலேயே நின்றாள். என் மேல் கோபம் இருந்தது. அது அவள் தோளில் தெரிந்தது. சரி, முடிந்தது, இனி ராஜபாண்டியிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ள நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

எந்தப் பிள்ளை என்றேன்.

"சட்டையக் கட்டிவிட்டாகளே, அந்தப் பிள்ள."

நல்லாயிருப்பதாகவும், பேத்தி எடுத்துவிட்டதாகவும் சொன்னேன்.

"எனக்கும் ஒருக்கா அப்பிடி ஆச்சு. ஜெயமங்கலத்துல, பள்ளிக்கூடத்துல" என்றாள் முருகம்மாள். குழாயைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "ஒருத்தியும் ஒண்ணும் குடுக்கல. பின்னாடி உக்காந்து சிரிச்சாளுக. எல்லாரும் போற வரைக்கும் பெஞ்ச விட்டு எந்திரிக்கல. வாட்ச்மேன் வந்து வெளக்க அணைக்கிற வரைக்கும் அங்கனயே இருந்தேன்."

முப்பது வருடத்தில் இதை அவளும் என்னிடம் சொன்னதில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள். தாளைத் தூக்கி, விட்டு, மறுபடியும் தூக்கினாள்.

"பொண்ணு கேக்கப் போக வெள்ளிக்கெழம நல்ல நாளாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு அவுக மலைக்குப் போயிருவாகளே" என்றாள். "ஏழு மணிக்கு மேல போவோம். வந்து குளிச்சு, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிருப்பாக. ராஜபாண்டியப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க."