சந்தியா பங்களா

என் நாத்தனார் சந்தியா பசியாவரத்தில் பங்களா கட்டிவிட்டாள் என்ற சேதி, பசியாவரத்திலேயே இருக்கும் எங்களுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அவள் வேலை பார்த்த சென்னை கார்ட்டூன் பட கம்பெனி திவாலாகிவிட்டது. முதலாளி போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனார். சம்பளம் வராதவர்களின் கோபம் யார் மேலாவது விழ வேண்டுமே? முதலாளி பேச்சை நம்பி, "கம்பெனி நல்லாத்தான் இருக்கு, பொறுங்க" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியவள் இவள். போதாதா? பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பட்டுப்புடவையில் அவள் எடுத்த படத்தை யாரோ தோண்டியெடுத்து, பின்னால் தெரிந்த மாடிக் கட்டடம் அவள் சுருட்டிய பணத்தில் எழும்பியது என்று நெட்டில் போட்டுவிட்டார்கள். அது எங்கள் மீனவத் தீவின் புயல் பாதுகாப்புக் கட்டடம். மனுஷருக்கு இப்படியுமா கண் அவிந்துபோகும்?

சந்தியா வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் தெரியாதவர்கள் திட்டியதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். "ஹரிஷும் நம்பிட்டான் போல அண்ணி," என்று சொல்லும்போதுதான் அழுதாள். ஹரிஷ் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். இவள் காட்டுக்கு வர்ணம் தீட்டினால், அதில் ஓடும் முயலை அவன் வரைவான். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

அவளைச் சிரிக்க வைக்க என் புருஷன் கேசவன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். அந்தக் கட்டடத்துக்கே சந்தியா பங்களா என்று பெயர் வைத்துவிட்டார். ஊரே பிடித்துக்கொண்டது. "சந்தியாம்மா, உன் பங்களாவுல என் வலைய கொஞ்சம் காயப் போட்டுக்கவா?" என்று வாசலில் வந்து அனுமதி கேட்டார்கள். அவளும் மெல்லச் சிரித்தாள். பாசம் வந்துவிட்டால் எங்கள் ஊருக்குத் தலைகால் புரியாது.

அந்த நேரம் பார்த்து ஹரிஷ் படகேறி வந்தான். கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த எல்லம்மா அக்காவிடம், "சந்தியாவோட பங்களா எது?" என்று கேட்டிருக்கிறான். கையில் போன் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா தலைகூட நிமிராமல், "தோ, மஞ்சளா பெருசா தெரியுது பாரு, அதான்," என்றாள்.

ஊர் வாயாலேயே சாட்சி. அது நேரலையில் போய், நான் அடுப்பை விட்டு ஓடி வருவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக் காறித் துப்பியிருந்தார்கள்.

நானும் சந்தியாவும் போனபோது ஹரிஷ் கட்டடத்துக்குள் நின்றிருந்தான். போனைப் பையில் போட்டுவிட்டான். சுற்றிலும் வலைக் குவியல். சுவரில் புயல் எச்சரிக்கைப் பலகை. ஓரமாக இரண்டு பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாபா, பங்களா புடிச்சிருக்குதா?" என்று ஆரம்பித்தேன். சந்தியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ நம்பினியா ஹரிஷ்?"

"நம்பணும் போல இருந்துச்சு," என்றான் தலைகுனிந்து. "முதலாளி போன எடுக்கல. கோபப்பட எனக்கு உன்ன விட்டா யாரும் இல்ல சந்தியா."

எனக்குத் துடைப்பத்தைத் தேடத்தான் தோன்றியது. அவளோ அவனை வலைக் குவியல் மேல் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"எனக்கும் எடுக்கல," என்றாள்.

பிறகு அவன் அங்கிருந்தே, இது புயல் கட்டடம், சந்தியா மேல் தப்பில்லை, அவசரப்பட்டுப் பழி போட்டது நான்தான் என்று இன்னொரு வீடியோ போட்டான். பொய்க்குத் திரண்ட கூட்டம் இதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சந்தியா மட்டும் அவன் படகேறிப் போன பிறகும் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு விழுந்த பார்வையில் பாதி அவளுடையதுதான்.