மழை இடைவேளை

ஓவர் முடிகிற நேரம் பார்த்துத்தான் அவள் டீயைக் கொண்டுபோனாள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே குறுக்கே நடக்க என்று ஒரு நேரம் இருக்கிறது. கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அவளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவைப்பதற்குள் இந்த ஒரு பாடத்தில் அவள் கரைகண்டுவிட்டிருந்தாள். பந்து வீசியவன் நடுவரிடம் தொப்பியை வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டைப் பார்த்து நடந்தால் அவளும் நடக்கலாம். விளம்பரம் வந்தால் காலடியில் பெருக்கலாம். ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க நின்றால், குழாய் ஒழுகுகிறது, எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்கிற மாதிரி சில்லறை விஷயங்களைச் சொல்லி முடித்துவிடலாம். சாப்பாட்டு இடைவேளை என்றால் பெண்ணிடமிருந்து போன் வந்ததைச் சொல்லலாம். இப்போது அவளிடம் இருந்த விஷயம் இவை எதற்குள்ளும் அடங்குவதாக இல்லை.

இந்த ஐந்து நாள் ஆட்டத்துக்கு இது நாலாவது நாள். அவளுக்கு லீவு இன்றோடு முடிகிறது.

பெரிய ஓட்டல் ஒன்றின் துணிக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. அறைகளில் மாற்றுகிற பெட்ஷீட், துண்டு, தலையணை உறை, சாப்பாட்டு மேஜை விரிப்பு எல்லாம் தரைக்குக் கீழே இருக்கிற அந்தக் கூடத்துக்குத்தான் மூட்டை மூட்டையாக வந்து விழும். எந்தக் கறை போகும், எது போகாது, எந்த விரிப்பு மறுபடி அறைக்குப் போகலாம், எதைக் கிழித்துத் துடைக்கப் போடலாம் என்று கையால் தடவியே சொல்லிவிடுவாள். புதிதாக வருகிற பெண்களுக்கு முதலில் மடிக்கத்தான் கற்றுக்கொடுப்பாள். பெரிய விரிப்பு என்றால் ரெண்டு பேர் வேண்டும். இழுத்துப் பிடித்து, எதிரெதிரே நடந்துவந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். மேலே தங்குகிறவர்கள் யாருக்கும் அவள் முகம் தெரியாது. கீழே எல்லாருக்கும் அவள் அக்கா.

ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் ஓட்டல் நிரம்பும் என்பதால் பண்டிகைக் காலத்தில் அவளுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. இந்த வருஷம் கேட்காமலே மேனேஜர் கூப்பிட்டுக் கொடுத்தார். கரும்பு தின்னக் கூலியா என்று சிரித்துக்கொண்டே அவள் எழுந்தபோது, உட்காரச் சொன்னார். கடற்கரை ஊரில் புதிதாக ஒரு ஓட்டல் திறக்கிறார்களாம். அங்கே துணிக்கூடத்தை அடியிலிருந்து நிறுத்திக்கொடுக்க ஆள் வேண்டும். தங்குவதற்கு அறை உண்டு. ரயிலேறினால் விடியும்போது இறங்குகிற தூரம். ஒரு வருஷமாவது இருக்க வேண்டியிருக்கும். “வீட்ல பேசிட்டு, லீவு முடிஞ்சு வர்றப்ப சொல்லுங்கம்மா” என்றார்.

வீட்டில் பேசுவதாம். சொல்கிறவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

போகவேண்டும் என்று அவளுக்கு ஒன்றும் வெறி இல்லை. வேண்டவே வேண்டாம் என்றும் இல்லை. கஷ்டமே அதுதான். ‘போகாதே’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். ‘போய்ட்டு வா’ என்று மனசாரச் சொன்னால் சந்தோஷமாகப் பெட்டி கட்டுவாள். ரெண்டும் இல்லாமல் ‘ம்’ என்று தலையை ஆட்டிவிட்டு ஸ்கோரைப் பார்த்தாரானால், அதைத்தான் அவளால் தாங்க முடியாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தது ஒரு மனுஷியா, இல்லை ஒரு நாற்காலியா என்பது அந்த ‘ம்’மில் தெரிந்துபோகும். அந்தப் பயத்திலேயே மூன்று நாளை ஓட்டிவிட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் அந்தரத்தில் மாட்டிக்கொண்டாலும் அவர் போன்தான் அடிக்கும். தட்டில் வைத்த கையை உதறிக்கொண்டு ஓடிய நாட்கள் எத்தனையோ. ஆபீஸ்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற இந்த ஒரு வாரம்தான் அந்தப் போனுக்கும் லீவு. அதனால் அவர் டிவி முன்னால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தால் அவளும் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. உழைக்கிற மனுஷன், வேறு கெட்ட பழக்கம் கிடையாது, இதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். இந்தத் தடவைதான் முதல் நாளே வாயைத் திறந்தாள்.

“இந்த லீவுலயாவது எங்கயாவது வெளிய போய் உக்காந்து பேசலாமா?”

“மேட்ச் நடக்குதே.”

“ராத்திரி ஹைலைட்ஸ் போடுவான்ல. அதப் பாத்தா ஆகாதா?”

“முடிஞ்சுபோனதப் பாக்கறதுல என்ன இருக்கு?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “யாரு அவுட்டாவான், யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்சதுக்கப்புறம் அதுல உசுரே இல்ல. லைவுன்னா லைவுதான்.”

“நானும் உசுரோடதான் இருக்கேன்.”

அவர் சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்தாரோ என்னவோ. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு இலவு காத்த கிளியாக இடைவேளைக்கு இடைவேளை காத்துக்கிடந்ததுதான் மிச்சம். சாப்பாட்டு இடைவேளை வந்தால் குளிக்கப் போனார். போனவர் லேசில் வரவும் இல்லை. டீ இடைவேளை வந்தால் கடைக்குப் போனார். அன்றைய ஆட்டம் முடிந்தால் அடித்துப்போட்டது போலத் தூங்கினார். மைதானத்தில் வெயிலில் ஓடினவன்கூட அப்படித் தூங்கியிருக்க மாட்டான்.

பக்கத்து வீட்டில் இப்படி இல்லை. அங்கே தையல்காரரும் அவர் மனைவியும் பண்டிகை வந்தால் ரிமோட்டுக்காகச் சண்டை போடுவார்கள், அதுவும் சுவர் அதிர. “நாள் பூரா உங்க மேட்சு ஓடணும், நான் அடுப்படியிலயே வேகணுமா?” என்று அவள் கத்துவாள். “என்னிக்கோ ஒரு நாள் பாக்கறேன், அதுக்கும் பஞ்சாயத்தா?” என்று அவர் கத்துவார். பிறகு ஏதாவது ஒரு பாத்திரம் விழும். பிறகு ரெண்டு பேரில் ஒருவர் சிரிப்பது கேட்கும். நேற்று தையல்காரர் வந்து கதவைத் தட்டினார். “அண்ணே, ரெண்டு பேட்டரி இருக்குமா? ரிமோட்டுல இருந்ததக் கழட்டி எங்கயோ ஒளிச்சுட்டா. மாவு டப்பா வரைக்கும் கையவிட்டுத் தேடிட்டேன்.” இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றும் டார்ச்சிலிருந்து ஒன்றும் கழற்றிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தையல்காரர் மனைவி வாசலில் வந்து நின்றாள். “ஏன்க்கா, நீங்களாவது தடுக்கக் கூடாதா? நான் பாடுபட்டு ஒளிச்சு வெச்சா, உங்க வீட்டு அண்ணன் தான தர்மம் பண்றாரு!” இவள் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. அங்கே சண்டை போடவாவது ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து அவள் கண் ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்துக்குப் பின்னால் தெரிந்த வானத்தில் இருந்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு ஊர், அங்கே மேகம் கூடுகிறதா என்று இங்கே ஒருத்தி அடுப்படி வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மழை வந்தால் ஆட்டம் நிற்கும், மறுபடி எப்போது ஆரம்பிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்கு அவர் குளித்தாயிற்று, கடைக்கும் போய்வந்தாயிற்று. கடவுளே, ஒரே ஒரு மழை. தனக்கென்று சாமியிடம் எதையும் கேட்டே அவளுக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த மழை, டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வந்தது. மைதானத்தைச் சுற்றிக் குடைகள் விரிந்தன. ஆட்டக்காரர்கள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வேலையாட்கள் பெரிய தார்ப்பாயை இழுத்துவந்து ஆடுகளத்தை மூடினார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“மழை” என்றாள்.

“ம்.”

“இப்போதைக்கு விடாது போல.”

“ம்.”

அவள் தொண்டையைச் செருமினாள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். டிவிக்காரன் சும்மா இருப்பானா, மழை விடுகிற வரைக்கும் வேறு ஏதோ ஆட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டான். இவரும் டம்ளரும் கையுமாக முன்னால் சாய்ந்துவிட்டார். “ச்சே, கேட்ச விட்டுட்டான்!” என்று சத்தம் வேறு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சலித்துப்போய் அவளும் டிவியைப் பார்த்தாள்.

உயரமாக ஒருத்தன் ஆட வந்துகொண்டிருந்தான். வெயில் கூசியோ என்னவோ, புருவத்துக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தான். இவனை அவளுக்குத் தெரியும். போன வருஷம் இதே விடுமுறையில் ஓட்டலில் இஸ்திரி ரோலர் அவள் மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. கட்டுப்போட்டுப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று, “என்னங்க, கை சுட்டுக்கிச்சு” என்றாள். அவர் திரும்பாமலே, “தண்ணியில காமி” என்றார். கட்டுப்போட்ட கையைத் தண்ணீரில் எப்படிக் காட்டுவது? அப்படியே நின்றாள். அப்போது டிவியில் இவன்தான் நடந்துவந்தான், இதே மாதிரி வானத்தைப் பார்த்தான், மூன்றாவது பந்தில் குச்சி பறக்க அவுட்டானான். இவர் தொடையில் அடித்துக்கொண்டார். வலியோடு பார்த்த எதுவும் மறப்பதில்லை. மணிக்கட்டில் தழும்பு இருந்த இடத்தை அவள் தேய்த்துக்கொண்டாள்.

“இவன் மூணாவது பால்ல அவுட்டு” என்றாள்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இது போன வருஷ மேட்ச்.”

“தெரியும்.”

“முடிஞ்சுபோனதப் பாக்கறதுல என்ன இருக்குன்னீங்க?”

முதல் பந்து போயிற்று. ரெண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் குச்சி பறந்தது. அவர் தொடையில் அடித்துக்கொள்ளவில்லை, ஒரு ‘ச்சே’ கூடச் சொல்லவில்லை. கையில் டம்ளர் அப்படியே இருந்தது. டீயில் ஆடை படிந்திருந்தது. இந்த மனுஷன் மேட்ச் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு மட்டும் இல்லை, இந்த நாலு நாளாகவே பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“உங்களுக்கு விஷயம் தெரியும்” என்றாள்.

அவர் டிவியைப் பார்த்துத்தான் பேசினார். “போன வாரம் உங்க ஓட்டல் லிஃப்ட் பாக்க வந்தேன்ல. வாட்ச்மேன் சொன்னாரு. அம்மா புது ஓட்டலுக்குப் போறாங்களாமே, ரொம்ப சந்தோஷம் சார்னாரு. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

“தெரிஞ்சேவா இத்தன நாளும்…”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் எழுந்து நின்று கத்த உடம்பில் தெம்பு இல்லை. இத்தனை வருஷத்து அசதியும் பேசிவைத்துக்கொண்டு இந்த நிமிஷம் பார்த்துத் தோளில் வந்து உட்கார்ந்தது. தையல்காரர் மனைவியாக இருந்திருந்தால் இந்நேரம் ஒரு பாத்திரமாவது விழுந்திருக்கும்.

“மேட்ச் ஓடிட்டிருந்தா நீ பேச்செடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர். “எப்பவும் எடுத்ததில்ல. அதான், அஞ்சு நாளும் முழுசா ஓடிரணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்.”

“நான் மழை வரணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “போகாதன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நீ இங்க இருந்தப்ப நான் என்னத்தக் கிழிச்சேன்? சரி, போன்னு சொல்லலாம்னு பாத்தா வாய் வரமாட்டேங்குது. பாத்ரூம்ல தெனமும் சொல்லிப் பாக்கறேன்.”

“என்னன்னு?”

“போய்ட்டு வான்னு.”

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துப் ‘போய்ட்டு வா’ என்று சொல்லிப் பழகுகிற ஒரு மனுஷனை அவள் நினைத்துப் பார்த்தாள். அழுகை வரும் போலவும் இருந்தது, சிரிப்பு வரும் போலவும் இருந்தது. அவள் காத்துக்கிடந்த ரெண்டு வார்த்தையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. இதில் எதை எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் கத்தினார். “விட்ருச்சு! மழ விட்ருச்சு!”

“ஏன், இன்னும் ரெண்டு நாள் பேஞ்சா அதுக்கு என்ன கேடாம்!” என்றது அவர் மனைவியின் குரல்.

டிவியில் பழைய ஆட்டம் மறைந்து, நனைந்த மைதானம் வந்தது. நடுவர்கள் குடையோடு இறங்கித் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார்கள். அவள் எழுந்துகொள்ளப் போனாள். யாரும் சொல்லவில்லை, உடம்பே எழுந்தது.

“மேட்ச் ஆரம்பிக்கப் போறாங்க” என்றாள்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். சோபாவில் ஒரு காலை மடக்கிப் போட்டு, முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். டிவிக்கு முதுகு. இந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலமாயிற்று. பக்கவாட்டு முகம்தான் அவளுக்கு மனப்பாடம். நேரே பார்த்தால் கண்ணுக்குக் கீழே பை விழுந்து, வேறு யாரோ ஒரு வயசான ஆள் மாதிரி இருந்தார்.

“இருக்கட்டும். நீ சொல்லு. உனக்குப் போகணும்னு இருக்கா?”

மேனேஜர் கேட்கவில்லை இதை. போனில் விஷயத்தைச் சொன்னபோது பெண்ணும் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் என்ன சொல்வார் என்று யோசித்தே நாலு நாளும் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் யோசிக்க முடியவில்லை. அவள் கண் மெல்ல நழுவி, அவர் தோளுக்கு மேலாக டிவிக்குப் போயிற்று.

“சொல்லு” என்றார்.

அங்கே தார்ப்பாயை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேங்கியிருந்த தண்ணீர் நடு மடிப்பில் சேர்ந்து, உருண்டு, மொத்தமாகப் புல்லில் கொட்டியது. மடிக்கத் தெரியாத ஆட்கள். இழுத்துப் பிடிக்காமல் பாதியைத் தரையில் புரளவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் தன் மூலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்மூலைக்காரன் ஈரத்தில் வழுக்கி வழுக்கி, விழாமல், அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.